கால்டர் கூடத்தில் முப்பது நாள்

பெல்காம்ப் மோட்டார் கம்பெனியின் மேசன் சாலை ஆலையில் மதிய இடைவேளை முப்பது நிமிஷம். எட்டு நிமிஷத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மீதியை யூக்கர் சீட்டாட்டத்துக்கு வைத்துக்கொள்வது அங்கே எழுதப்படாத சட்டம். பதினொரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு மணி அடித்ததும் பதினேழாம் எண் தூணை ஒட்டிய மேஜைக்கு நான்கு பேர் வந்துவிடுவார்கள். லைல் ஹாடிக்ஸும் காஸிம் பெய்தூனும் ஒரு ஜோடி. எதிர் ஜோடி டோரீன் ஸ்காக்ஸும் ஆரின் ப்ரூட்டும். முதல் மூவரும் வில்லோ என்ற மின்சார செடானின் வரிசையில் வேலை செய்பவர்கள். ஆரின், அந்தப் பகுதித் தொழிலாளர்கள் சங்கத்துக்குத் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கமிட்டி என்றால் அவர்தான்.

ஆகஸ்டு கடைசி வாரத்தில் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டன. ஒன்றில், வில்லோ செடானின் எதிர்காலம் மறுபரிசீலனையில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், பழைய பெயின்ட் கட்டடத்தைச் சுத்தம் செய்து, அங்கே கால்டர் என்ற மின்சாரப் பந்தயக் காரைக் கையாலேயே கட்டப்போகிறார்கள், அறுபத்து நான்கு பேர் தேவை என்று எழுதியிருந்தது. இரண்டு தாள்களையும் ஒரே குண்டூசியில் குத்தியிருந்தார்கள்.

"கடைசில ஒரு கார் கட்டப் போறாங்கப்பா," என்றான் காஸிம், சீட்டைக் குலுக்கிக்கொண்டே.

"அப்ப ஆறு வருஷமா நாம என்ன கட்டினோம், ஃபிரிட்ஜா?" என்று கேட்டாள் டோரீன்.

"சக்கரம் வெச்ச ஃபிரிட்ஜ். சத்தம் கிடையாது, உள்ள குளுகுளுன்னு இருக்கும், மாமியார் வீட்டுக்குப் போக வசதி."

"நான் அதத்தான் ஓட்டுறேன்," என்றான் லைல்.

"தெரியும் ஹபீபி. உன்கிட்ட எப்ப துக்கம் விசாரிக்கலாம்னுதான் பாத்துட்டு இருக்கேன்."

லைல் சிரிக்கவில்லை. அவன் வில்லோ வெளிர்பச்சை. ஊழியர் சலுகையில் வாங்கியது. அதன் அடித்தளத்தில் போகும் ஆரஞ்சு நிற மின்கம்பிகளை அவனே பூட்டியிருக்கக்கூடும். ஐம்பத்தெட்டு விநாடிக்கு ஒன்று என்று ஆறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"கால்டர் விலை தெரியுமா உனக்கு? ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் டாலர். வருஷத்துக்கு நூத்தியிருபது கார். வாங்குறவன் கேரேஜ்ல துணி போட்டு மூடி வெப்பான். வில்லோல நர்ஸ் டியூட்டிக்குப் போறாங்க, வாத்தியாருங்க பள்ளிக்கூடம் போறாங்க. ஓடுறதுக்குப் பேருதான் காரு. நம்ம ஊர்க் கம்பெனிங்க தோத்ததெல்லாம் இதுலதான். சாதாரண ஆளு வாங்குற கார வெளிநாட்டுக்காரனுக்கு விட்டுக் குடுத்துட்டு, இவங்க மேடையில நிறுத்துறதுக்கு ஒண்ணு கட்டுவாங்க."

"எனக்குப் பதினோரு வயசு," என்றான் காஸிம். "டியர்பார்ன்ல எங்கப்பா என்ன ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடிக்குப் பின்னாடி செவப்பா ஒண்ணு நின்னுச்சு. மூக்க ஒட்டிக்கிட்டு நின்னேன் பாரு, கடைக்காரன் வந்து தொடைச்சுட்டுப் போனான். அப்பா உள்ள போயி பழுப்புக் கலர்ல ஒரு குடும்ப வண்டி வாங்கிட்டு வந்தாரு. ஆனா எந்தக் கடையில வாங்கினாரு? செவப்பு நின்ன கடையில. அதான் ஒளிவட்டம். சாமிக்கு மண்டைக்குப் பின்னாடி வெக்கிறாங்களே, அது என்ன சோறா போடுது? ஆனா அது இல்லாட்டி யாரு கும்பிடுவா?"

"அந்தச் செவப்பு காரக் கட்டினவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் டோரீன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் கண்ணு. அத யாரும் கேக்குறதில்ல. துருப்பு என்ன, ஸ்பேடா?"

வாதம் நாள்தோறும் நடந்தது. ஆனால் லைலுக்கு அது வெறும் வாதம் அல்ல என்பது மற்ற மூவருக்கும் தெரியும். வில்லோ நின்றால் அந்த வரிசைக்காரர்களுக்கு டெக்சஸில் கம்பெனியின் லாரி ஆலையில் இடம் தருவார்கள். போகலாம், அல்லது கணக்கை முடித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். ஒஹாயோவில் இருந்த ஆலையை மூடியபோது லைல் அப்படித்தான் இங்கே வந்தான். அப்போது மனைவியும் கைக்குழந்தையும் கூட வந்தார்கள். இப்போது மனைவி ஜோலீன் விவாகரத்தாகி நான்கு வருஷம் ஆகிறது. மகள் பிரின்னுக்குப் பதின்மூன்று வயது. நீதிமன்றத் தாளின்படி ஒவ்வொரு புதன்கிழமையும் நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு, அவள் லைலிடம் இருப்பாள். டெக்சஸ் ஆயிரத்து இருநூறு மைல். புதன்கிழமை அங்கிருந்து வர முடியாது.

"நான் இந்த ஊர விட்டுப் போக முடியாது கமிட்டி," என்றான் லைல், செப்டம்பரில் ஒருநாள், மற்ற இருவரும் எழுந்து போன பிறகு. "அது ஒண்ணுதான். வேற எதுவும் எனக்கு முக்கியமில்ல. கழிவறை கழுவச் சொன்னாலும் கழுவுறேன்."

ஆரின் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்தார். உள்ளங்கை அளவுக்குச் சிறியது. மூன்று வருஷமாக அவர் பையிலேயே வளைந்து கிடந்தது. "கால்டர் கட்டப்போற கூடத்துக்கு எழுதிப் போடு. பத்தொன்பது வருஷம் சர்வீஸ் இருக்கு, கெடைச்சிரும். ஆனா ஒண்ணு. அது தனி அலகு. உன் பத்தொன்பது வருஷம் பென்ஷனுக்கு இருக்கும், லீவுக்கு இருக்கும். ஆள் குறைப்பு வந்தா மட்டும், கூடத்துல சேந்த தேதியத்தான் பாப்பாங்க. அங்க நீ புது ஆளு."

"அங்க எல்லாரும் புது ஆளுதானே."

"அதுவும் சரிதான். பிடிக்கலைன்னா முப்பது நாளுக்குள்ள திரும்பி வந்துரலாம், பழைய எடத்துக்கே, பழைய சீனியாரிட்டியோட. படிவத்த நீயே நேர்ல கொண்டுபோயி குடுக்கணும். முப்பது தாண்டிட்டா கதவு மூடிரும்."

லைல் எழுதிப் போட்டான். டோரீனும் எழுதிப் போட்டாள். அவளுக்கு அறுபத்தொன்று, நின்ற இடத்தில் நின்று வேலை செய்தால் இடுப்புக்கு நல்லது என்றாள். காஸிம் எழுதவில்லை.

"ஒளிவட்டம் ஒளிவட்டம்னு குதிச்சது நீதானேடா," என்றான் லைல்.

"படிவம் நாலு பக்கம் இருக்கு, ஹபீபி. ரெண்டாம் பக்கத்துலேயே தூக்கம் வந்துருச்சு. அதோட நான் போஸ்டரப் பாக்குறவன். அதுக்கு ஆணி அடிக்கிறவன் இல்ல."

அக்டோபர் பதினாறு, திங்கட்கிழமை, லைல் கூடத்துக்குள் நுழைந்தான்.

முதல் நாள் அவன் கால்கள் ஏமாந்தன. பத்தொன்பது வருஷமாக அவன் நகரும் காருடன் பக்கவாட்டில் நடந்தபடியே வேலை செய்திருக்கிறான். கூடத்தில் கார் நகராது. மேடைமேல் நின்றுகொண்டிருக்கும். லைல் ஒரு போல்ட்டைப் பூட்டிவிட்டு, தன்னையறியாமல் இரண்டடி இடப்பக்கம் போய், காரே இல்லாத இடத்தில் கையை நீட்டினான். டோரீன் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்று மாலைக்குள் அவளும் இரண்டு முறை அப்படிச் செய்தாள்.

மணி கிடையாது. ஒரு காருக்கு இரண்டு பேர். வெள்ளைக் கையுறை. சுவரெல்லாம் வெள்ளை, தரை பீங்கான் தட்டு மாதிரி. நுழைவாயிலில் தொட்டிச் செடிகள், வருகிறவர்களுக்குக் காபி இயந்திரம். மதியம் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். லைல் பதினொன்று பன்னிரண்டுக்கே சாப்பிட்டான்.

அவனுக்கு அந்த வேலை பிடித்துப்போனதுதான் சிக்கல். இரண்டாவது வாரத்தில், கால்டரின் அடியில் மல்லாந்து படுத்து, அதே ஆரஞ்சுக் கம்பிகளை இந்த முறை நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்தினான். முடித்துவிட்டு எழாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான். யாரும் பார்க்கப்போகாத இடத்தில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையை அவன் செய்ததே இல்லை. அதைப் புதன்கிழமை பிரின்னிடம் சொன்னான். கோனி கடையில் ஹாட் டாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீதானப்பா அது பணக்காரங்க பொம்மைன்னு சொன்ன?"

"பொம்மைதான்."

"அப்ப ஏன் இவ்ளோ சந்தோஷமா சொல்ற?"

லைல் அவள் தட்டிலிருந்து ஒரு வெங்காயத் துண்டை எடுத்துச் சாப்பிட்டான்.

நவம்பர் முதல் வாரத்தில் தொட்டிச் செடிகள் வாடத் தொடங்கின. வாரம் இரண்டு முறை வந்து தண்ணீர் ஊற்றிப் போகும் வெளி ஒப்பந்த ஆள் வரவில்லை. வேறு யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. லைல் கவனித்தான். ஒஹாயோவில் ஆலை மூடப்படுவதற்கு ஐந்து மாதம் முன்னால் முதலில் செத்தது வரவேற்பறைச் செடிகள்தான். அடுத்த வாரம் காபி இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கார்பன் இழையால் செய்த உடற்பாகங்கள் வந்துசேரவில்லை. மேடைகள் இருபதில் மூன்றில்தான் கார் இருந்தது. ஒரே முன்சக்கரக் காப்பை டோரீன் மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது நல்லாப் படல," என்றான் லைல்.

"எனக்கும்தான். ஆனா நான் இன்னும் ஒரு வருஷம் தள்ளினாப் போதும் கண்ணு. நீ போ. போயி உன் ஃபிரிட்ஜோட சேந்துக்கோ."

வில்லோவும் நிற்கத்தானே போகிறது என்று அவன் கேட்கவில்லை. வில்லோ நின்றாலும் அடுத்த வருஷக் கடைசியில்தான் நிற்கும். பத்தொன்பது வருஷ சீனியாரிட்டியோடு அங்கே இருப்பது, ஒரு மாத சீனியாரிட்டியோடு இங்கே இருப்பதைவிட மேல். இரண்டு பக்கமும் பள்ளம் என்றால் கொஞ்சம் தள்ளியிருக்கிற பள்ளம்.

பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, திரும்பிப்போகும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டான். வாகன நிறுத்தத்தில் ஆரின் தன் பிக்கப் வண்டியில் துப்பாக்கிப் பெட்டியையும் தூங்கும் பையையும் ஏற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை நவம்பர் பதினைந்து. மான் வேட்டை தொடங்கும் நாள். ஆரினின் முகாம் ஏழு மணி நேரம் வடக்கே, ஏரிமேல் போகும் பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம்.

"கமிட்டி, முப்பது நாள் என்னைக்கு முடியுது?"

ஆரின் விரல்விட்டு எண்ணினார். "புதன். ஆனா புதன்கிழமைய யாரு எண்ணுவா? ஓபனிங் டே. வியாழக்கிழமை காலையில குடு. நான் புதன் ராத்திரியே திரும்பிருவேன், நானும் கூட வரேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

படிவத்தை லைல் அன்றே கொடுத்திருக்கலாம். மறுநாள் செவ்வாயும் கொடுத்திருக்கலாம். பிறகு அவனே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை பிற்பகல், அவனும் டோரீனும் கட்டிய கால்டர் முதல்முறை தன் சக்தியில் கூடத்தை விட்டு வெளியே ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். படிவம் கொடுத்த நிமிஷமே கூடத்து அடையாள அட்டையை வாங்கிவிடுவார்கள். அவனுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். பணக்காரர் பொம்மை என்று செப்டம்பர் முழுவதும் திட்டியவன் ஒரு நாள் காத்திருந்தான்.

கால்டர் வந்தது. கரும்பச்சை. சத்தமே இல்லை, சக்கரத்துக்கு அடியில் மணல் நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது. கதவைத் தாண்டி நவம்பர் வெயிலில் திரும்பியபோது பக்கவாட்டு முழுவதும் ஒரே கோடாக வெளிச்சம் ஓடியது. அறுபது பேர் கை தட்டினார்கள். டோரீன் விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். லைல் கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். படிவம் அவன் வில்லோவின் முன்பெட்டியில் இருந்தது.

புதன்கிழமை ஆலை ஓடாது. யாரும் ஓட்ட வேண்டாம் என்று முடிவு செய்வதில்லை, ஆளே வராது. வரிசையில் பாதிப்பேர் விடுப்பு எழுதிக் கொடுப்பார்கள், கால்வாசிப் பேருக்குக் காய்ச்சல் வரும். கம்பெனி பல வருஷம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பராமரிப்பு என்று பெயர் வைத்து வரிசையை நிறுத்திக்கொண்டது. பள்ளிக்கூடமும் கிடையாது. அதனால் அந்தப் புதன்கிழமை மட்டும் நான்கு மணிக்குக் காத்திருக்காமல் விடியும் முன்பே பிரின்னைக் கூட்டிப்போக ஜோலீன் சம்மதித்திருந்தாள்.

மான் கண்ணில் படாமல் காத்திருக்கும் லைலின் மறைவிடம் க்ளேர் ஊரைத் தாண்டி அரசுக் காட்டுக்குள் இருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. நல்ல மறைவிடத்தைச் சொந்த அண்ணனிடம்கூட யாரும் சொல்வதில்லை, லைலும் சொன்னதில்லை. கைபேசிகளைக் காரிலேயே வைத்துவிட்டு நடந்தார்கள். போன வருஷம் பிரின்னின் பேசி ஒலித்து எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் தப்பித்துப் போனது. அதற்குப் பிறகு அவள் போட்ட விதி அது.

பத்து மணி நேரம் இருவரும் ஒரு பலகைமேல் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பனி லேசாகத் தூவியது. இரண்டு ரொட்டி, குடுவையில் சூப். பேசக்கூடாது என்பதால் பிரின் அவன் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுதினாள். பெரும்பாலும் வசவுகள். மூன்று மணிக்கு ஒரு பெண்மான் இருபது கெஜத்தில் வந்து நின்றது. பிரின் துப்பாக்கியை உயர்த்தினாள், பிறகு இறக்கினாள். மான் போன பிறகு, "அது நம்மளயே பாத்துச்சுப்பா," என்று கிசுகிசுத்தாள்.

இருட்டும் நேரத்துக்குக் காருக்குத் திரும்பியபோது லைலின் பேசியில் பதினான்கு தவறிய அழைப்புகள். எல்லாம் காஸிமுடையவை. செய்திகள் அடியிலிருந்து மேலாக இருந்தன. முதலாவது காலை பத்தேகாலுக்கு வந்திருந்தது.

காஸிம் வேட்டைக்குப் போவதில்லை. ஒவ்வொரு வருஷமும் அன்று ஆலைக்கு வந்து தூண்களைத் துடைத்துவிட்டு முழுச் சம்பளம் வாங்குவான். பத்து மணிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது: ஒரு வாடகைக் கார் நிறுவனம் பதினெட்டாயிரம் வில்லோ கேட்டிருக்கிறது, வில்லோ தொடரும். கால்டர் தள்ளிவைக்கப்படுகிறது, கண்காட்சிக்குச் சில கார்கள் மட்டும், அதற்கு இருபது பேர். ஊரில் எல்லோரும் காட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இப்படிப்பட்டவற்றை வெளியிடுவார்கள். லைலின் முப்பது நாள் என்றைக்கு முடிகிறது என்று கேட்க, காஸிம் உடனே படிவங்களை வாங்கும் ஆட்கள் அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறான். கடைசி நாள் இன்றுதான், நாலரை மணிவரை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். லைலுக்குப் பதிலாகத் தான் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறான். முடியாது.

பதினோராவது செய்தி: "எங்கடா இருக்க? எந்தக் காடு? ஒரு பேரு சொல்லு, வந்து தூக்கிட்டு வரேன்."

கடைசிச் செய்தி நாலு முப்பத்தொன்றுக்கு. அதில் லைல் என்ற பெயர் மட்டும் இருந்தது.

"யாருப்பா?" என்று கேட்டாள் பிரின்.

"காஸ். ஆலைக் கதை." லைல் முன்பெட்டியைத் திறந்து படிவத்தைப் பார்த்துவிட்டு மூடினான். "பசிக்குதா?"

வியாழன் காலை ஆறு மணிக்கு அவன் ஆட்கள் அலுவலகக் கதவில் நின்றான். சொன்னபடி ஆரினும் வந்திருந்தார், காட்டுப் புகை வாசம் போகாத சட்டையுடன். உள்ளே கெய்ல் என்ற பெண்மணி, இருபத்தாறு வருஷமாக அந்த மேஜையில் இருப்பவள், படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"நேத்தோட முடிஞ்சுது லைல்."

"நேத்து ஓபனிங் டே, கெய்ல்," என்றார் ஆரின்.

"தெரியும் கமிட்டி. என் வீட்டுக்காரரும் காட்டுலதான் இருந்தாரு."

"ஆலையே ஓடலயே!"

"நான் இருந்தேன். காலையிலேருந்து நாலரை வரைக்கும் இந்த நாற்காலியிலதான் இருந்தேன். ஒரு கம்பளிக் குல்லா பின்னி முடிச்சேன்." அவள் குரலில் எரிச்சல் இல்லை. "விடுமுறைப் பட்டியல் உங்க புத்தகத்துலதான் இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

ஆரின் புத்தகத்தை எடுத்தார். தொழிலாளர் தினம் இருந்தது. நன்றி நாள் இருந்தது, அதற்கு மறுநாள் இருந்தது. கிறிஸ்துமஸ் இருந்தது. நவம்பர் பதினைந்து இல்லை. அவர் இரண்டு முறை பக்கத்தைப் புரட்டினார், பிறகு பின்னட்டையைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷமாக அவர் அந்த நாளில் வேலைக்கு வந்ததில்லை. அது புத்தகத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆலையில் யாருக்குமே தெரிந்திருக்காது.

"கணினி பதினஞ்சாம் தேதி நாலரைக்குத் தானா மூடிருச்சு," என்றாள் கெய்ல். "என்னால தொறக்க முடியாது. தொறக்க முடிஞ்சா தொறந்திருப்பேன். உனக்குத் தெரியும்."

லைலுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட அங்கே யாரும் இல்லை.

சங்கம் முறையீடு எழுதியது. முதல் படியில் நிராகரிக்கப்பட்டது. இரண்டாம் படிக்குப் போனது. மூன்றாம் படி விசாரணை ஏப்ரலுக்குப் பிறகு என்று கடிதம் வந்தது. அதற்குள் டிசம்பரில் கூடத்தில் அறுபத்து நான்கு பேரில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஒரே தேதியில் சேர்ந்தவர்கள். தேதி ஒன்றானால் என்ன செய்வது என்பது மட்டும் புத்தகத்தில் தெளிவாக இருந்தது: அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும், சிறிய எண் மூத்தவர். டோரீனுக்கு 0442. லைலுக்கு 9316. பட்டியலில் அவன் ஐம்பத்தொன்பதாவது.

"நான் பொறந்தப்ப கென்டக்கில ஏதோ ஒரு குமாஸ்தா போட்ட நம்பர்," என்றான் லைல்.

டோரீன் தன் இடத்தை அவனுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். அவள் ஓய்வு பெற்றால் இடம் பட்டியலில் இருபத்தோராவது ஆளுக்குப் போகும், அவனுக்கு வராது.

பதினேழாம் தூண் மேஜைக்கு லைல் ஒருநாள் மதியம் போனான். வில்லோ வரிசையில் இரண்டாம் ஷிஃப்டு தொடங்கப்போகிறார்கள். வெளியிலிருந்து முந்நூறு பேரை எடுக்கிறார்கள். வாசலில் இருபது வயதுக்காரர்கள் விண்ணப்பத்தோடு நின்றார்கள். அந்த வரிசையில் நிற்கக்கூட லைலுக்கு வழியில்லை. அலகு மாறியவன் ஒரு வருஷத்துக்குத் தானாகக் கேட்டு மறுபடி மாற முடியாது. வேலையை விட்டுவிட்டுப் புதிதாக வந்தாலும் ஒரு வருஷம் எடுக்கமாட்டார்கள்.

"என் வாய்தான்," என்றார் ஆரின். சீட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "வியாழக்கிழமைன்னு சொன்னேன் பாரு."

"நீங்க சொல்லாட்டியும் நான் அப்படித்தான் போயிருப்பேன்."

"நான் ஏதாவது சொல்லணுமே, ஒண்ணும் வரமாட்டேங்குது," என்றான் காஸிம்.

"உனக்கா? எழுதி வெச்சுக்கோங்கப்பா இன்னைக்குத் தேதிய," என்றான் லைல்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு காஸிம், "அந்தச் செவப்பு காரக் கட்டினவனுக்கு என்ன ஆச்சுன்னு டோரீன் கேட்டாளே," என்று தொடங்கி, முடிக்காமல் சீட்டைப் போடத் தொடங்கினான். லைலுக்குப் போடவில்லை, அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

கூடத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கும் டெக்சஸ் லாரி ஆலைதான்; அந்தக் கடிதம் ஜனவரி முதல் வாரம் வந்தது. பதினான்கு நாளில் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பத்தொன்பது வருஷம் அதோடு முடிந்தது. பிரின்னுக்கு மாதாமாதம் கட்டுவதற்கும் அவளுடைய மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த வேலையைத் தவிர அவனிடம் வேறில்லை. ஜோலீனிடம் தொலைபேசியில் சொன்னான். அவள், "கோடையில ஆறு வாரம் எடுத்துக்கோ. கிறிஸ்துமஸ் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம். நான் வக்கீல்கிட்டச் சொல்றேன், தகராறு எதுவும் பண்ணமாட்டேன்," என்றாள். அவள் தகராறு பண்ணியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் புதன்கிழமை கோனி கடையிலிருந்து திரும்பும் வழியில் பிரின் காரின் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே கடுங்குளிர், மின்கல அளவு பாதியாகக் காட்டியது.

"ஆயிரத்து இருநூத்தி முப்பத்தோரு மைல்," என்றாள். "இந்தக் குளிர்ல எட்டு தடவ சார்ஜ் போடணும். இண்டியானால ரெண்டு, இல்லினாய்ல ஒண்ணு…" எல்லாவற்றையும் படித்தாள். "மொத்தம் இருபத்தஞ்சு மணி நேரம்."

"அவ்ளோதானா?"

"அப்பா."

"என்ன?"

"புதன்கிழமை நாலு மணிக்கு நான் போன்ல பேசவா? எட்டு வரைக்கும்?"

"நாலு மணி நேரம் என்னடா பேசுவ?"

"பேச வேணாம். சும்மா வெச்சுக்கலாம். மறைவிடத்துல இருந்தோமே, அந்த மாதிரி."

லைல் தலையசைத்தான். டெக்சஸில் அவனுக்கு இரண்டாம் ஷிஃப்டு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. மூன்று மணியிலிருந்து பதினொன்றரை. வரிசையில் கைபேசி வைத்திருக்கக் கூடாது. அதை அவன் அப்போது சொல்லவில்லை. ஜோலீன் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரின் இறங்கி, கதவைச் சாத்தி, கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஒரு கோணல் முகம் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். முதல் சந்திப்பில் கார் இடப்பக்கம் திரும்பச் சொன்னது, அறுபத்தொன்பதாம் நெடுஞ்சாலை, தெற்கு. பிரின் டெக்சஸ் வழியைத் திரையிலிருந்து அழிக்காமலே போய்விட்டாள். அதை எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. திரை வேலையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். அவன் நேராக ஓட்டினான். கார் கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த சந்திப்பில் திரும்பச் சொன்னது. அதற்கடுத்ததிலும் சொன்னது. சத்தமில்லாத கார் என்பதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வீடுவரை ஒன்பது சந்திப்புகள்.